வேனில் சாமி படம் ஏன் கயிற்றில் தொங்குகிறது

சென்ற வாரம் ஹேவாஹெட்டயிலிருந்து இறங்கி வரும்போது, வளைவுக்கு வளைவு முருகன் படம் வேன் கண்ணாடியில் "டொக் டொக்" என்று தட்டிக்கொண்டே வந்தது. பெரியவனே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ கத்தினாய். "அப்பா, இதுக்கு ஒரு ஸ்க்ரூ அடிச்சா என்னா? ஒரே ஒரு ஸ்க்ரூ!"

சின்னவள் பின்னாலிருந்து, "அடிக்க மாட்டாரு. அப்பாவுக்கு ஸ்க்ரூன்னா பேய பாத்த மாதிரி" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் இந்த விடுமுறைக்கு உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு இதே வேனில், நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாம் போன அதே நீர்த்தேக்கக் கரைக்குப் போகப்போகிறேன் என்கிறாய். இரண்டு இரவு தங்கப் போகிறீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. நான் சொல்லும்போது உங்கள் மாமா குறுக்கே வந்து வேறு மாதிரி சொல்வார். உங்கள் அம்மா இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வாள். கடைசியில் நடந்தது என்ன என்று எனக்கே குழம்பிவிடும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மின்சாரம் பற்றிப் படித்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விளங்காத இடம் வந்தால் விளங்கவில்லை என்றே எழுதுகிறேன்.

அப்போது சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த நேரம். நான் கண்டியில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறை வந்தால் வேன் சும்மா நிற்கும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் உங்கள் மாமா ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். இரவில் ஒரு மைதானத்தில் நிறுத்துகிறான். அங்கே ஒரு தூண் நிற்கிறது. அதில் வயரைச் செருகினால் வேன் வீடாகிவிடுகிறது.

"மச்சான், இது நமக்கு என்னா பெரிய வேலையா?" என்றார் மாமா. அவர் அப்போது கண்டியில் ஒரு தளபாடப் பட்டறையில் இருந்தார். பலகை வேலை கைவந்தவர். பின் சீட்டுகளைக் கழற்றினார். இரண்டு பக்கமும் மெல்லிய பலகை அடித்தார், பலகைக்குப் பின்னால் வயரை ஓட்டினார். ஜன்னலுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன், கட்டிலுக்குக் கீழே ரைஸ் குக்கருக்கு ஒரு ப்ளக் பொயின்ட், உள்ளே ஒரு லைட். வீட்டு வாசலில் நிறுத்தி, நீளமான வயர் ஒன்றை இழுத்துப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஓடியது. நீங்கள் இருவரும் அந்த ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு இறங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஓடியது. ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. அதனால்தான் பிறகு நடந்தது எதுவும் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். அப்போது உங்கள் அம்மா முருகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது இல்லாம நான் ஏற மாட்டேன். புள்ளைங்க தூங்கப்போற எடம்."

மாமா ட்ரில்லை எடுத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில், கிழக்குப் பார்த்த மாதிரி, ஒரு ஸ்க்ரூவைப் பலகையில் ஏற்றினார். பலகை தாண்டி வேன் தகரத்தைக் கடிக்கும் வரை ஏற்றினார். "இனி வேன் கவுந்தாலும் படம் விழாது" என்றார். "வாயக் கழுவு" என்று அம்மா அவர் தலையில் தட்டினாள்.

படம் ஏறியதும் அம்மா ஒரு சட்டம் போட்டாள். சாமி இருக்கிற இடம், இனி யாரும் செருப்போடு வேனுக்குள் ஏறக்கூடாது. செருப்பைக் கதவடியில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நமக்கு இது புதிதல்ல, வீட்டிலும் அப்படித்தான். யாரும் மறுக்கவில்லை.

வழியில் மழை. திகன தாண்டும்போது கொட்டித் தீர்த்தது. மாமா வெட்டி மாட்டிய ஜன்னல் ரப்பரின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே கசிந்து பலகை கறுத்தது. ஒரு துணியை அடைத்துவிட்டு ஓட்டினோம்.

அந்த இடம் திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனுடையது, நாம் நானா என்று கூப்பிடுவோமே, அவர். நீர்த்தேக்கத்தை ஒட்டிய அவருடைய காணியை வேன்காரர்கள் தங்குவதற்காகச் சமப்படுத்தி, புல் விட்டு, நடுவில் ஒரு சீமெந்துத் தூண் நட்டிருந்தார். தூணில் நாலைந்து ப்ளக் பொயின்ட். எல்லாவற்றுக்கும் மேலே பொதுவாக ஒரு ட்ரிப் சுவிட்ச், அதாவது எங்காவது கரண்ட் கோளாறு என்றால் தானாகவே விழுந்து எல்லாருக்கும் நிறுத்திவிடுகிற சுவிட்ச். நாங்கள் போகும்போது நானா கடையில் இருந்தார். "சாவி எல்லாம் ஒன்டும் தேவயில்ல, போய்ச் சொருகுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு முன்பே ஒரு வேன் அங்கே நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அது கடையில் வாங்கிய, உண்மையான கேம்பிங் வேன். உள்ளே ஃப்ரிஜ் எல்லாம் இருந்தது. நீங்கள் இருவரும் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நம்முடையதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாமா வயரைத் தூணில் செருகினார். "டக்." ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

அதைத் தூக்கிவிட்டார். "டக்." மறுபடியும்.

பக்கத்து வேன்காரர் ஃப்ரிஜ் நின்றுபோன கோபத்தில் வெளியே வந்தார். "என்ன அண்ணை, உங்கட வேனுக்குள்ள என்ன கிடக்கு? நாங்கள் வந்த நேரத்தில இருந்து ஒருக்காலும் விழேல்லை."

"ஒன்னும் இல்லீங்க. ஒரு ஃபேன், ஒரு லைட்டு."

"அப்ப ஏன் விழுது?"

அது எங்களுக்கும் தெரியவில்லை. ஃபேனை நிறுத்திப் போட்டோம், விழுந்தது. லைட்டை நிறுத்திப் போட்டோம், விழுந்தது. ரைஸ் குக்கரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போட்டோம், அப்போதும் விழுந்தது. உள்ளே எல்லாமே அணைந்திருக்கும்போது எது போய் அந்த சுவிட்சைத் தள்ளுகிறது? புல்லில் குந்திக்கொண்டு மூன்று ஆண்களும் யோசித்தோம்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரிந்ததுதான். சதுரமான ப்ளக் பொயின்டில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குள் ஏதாவது போனால்தான் கீழே உள்ள இரண்டும் திறக்கும். நம் ரைஸ் குக்கருக்கு இரண்டு முள்தான். அதனால் மேல் ஓட்டைக்குள் ஒரு பேனா மூடியை விட்டுத் திறந்துகொண்டு, கீழே குக்கரைச் செருகுவோம். நம் வீட்டில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் ப்ளக் பொயின்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனா மூடி கிடக்கும். அதனால் மூன்றாவது முள் என்பது கதவு திறக்கிற சாவி மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதில் கரண்ட் வராது, போகாது. பிறகு அதற்கு எதற்கு ஒரு கம்பி?

மாமா ப்ளக்கைத் திறந்தார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு கம்பி மேல் முள்ளில் மாட்டியிருந்தது. "இதப் பாருங்க மச்சான். சும்மா கெடக்குற கம்பி. இதுதான் எங்கயோ பட்டு எடஞ்சல் குடுக்குது."

"கழட்டலாமா?"

"தோட்டத்துல நம்ம லயத்து வீட்டுக்கு எத்தன கம்பி வந்துச்சு? ரெண்டு. லைட்டு எரியலயா? டீவி ஓடலயா?"

ஓடியதுதான்.  மாமா அந்தக் கம்பியை மட்டும் கழற்றி, டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்து மூடினார். தூணில் செருகினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் பார்த்தோம்.

விழவில்லை.

வேனுக்குள் ஃபேன் சுற்றியது. நீங்கள் கை தட்டினீர்கள். பக்கத்து வேன்காரர், "இதைத்தானே முதலே செய்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஃப்ரிஜ்ஜைப் பார்க்கப் போனார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கோளாறு கொடுத்த கம்பியைக் கழற்றினோம், கோளாறு போய்விட்டது. இதில் என்ன தப்பு இருக்க முடியும்? இன்றைக்கும் இதைப் படிக்கிற ஒருவருக்கு அது சரியென்றுதான் படும்.

அம்மா அரிசி கழுவிய தண்ணீரை வெளியே ஊற்ற இறங்கினாள். செருப்பு கதவடியில் கிடந்தது. அதை மாட்டாமல், ஒரு கையால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை ஈரப் புல்லில் வைத்தாள்.

"ஸ்ஸ்..." என்று கையை உதறினாள். "ஏங்க, இந்த வேன் என்னையக் கடிக்குது."

"என்னாது?"

"கைய வச்சா சுருக்குன்னு இழுக்குது. வந்து பாருங்க."

நான் போய்க் கதவைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. கைப்பிடி, தகரம், பம்பர் எல்லாவற்றையும் தொட்டேன். ஒன்றும் இல்லை. மாமா உள்ளே உட்கார்ந்தபடியே கதவைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் இல்லை.

"அக்கா, வேனுக்கு ஒன்னைய மட்டும் புடிக்கல போல" என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? மழையில கை வெரச்சிருக்கும்."

"வெரச்ச கைக்கும் கடிபட்ட கைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்? நீயும் ஒங்க மச்சானும் சேந்துக்கிட்டு..."

பெரியவனே, நீ அப்போது ஒரு விளக்கம் சொன்னாய். அணைக்கட்டில் தண்ணீரிலிருந்துதானே கரண்ட் எடுக்கிறார்கள், எடுத்து மிஞ்சினது இந்தத் தண்ணீரில் கலந்து புல்லுக்கு வந்திருக்கும் என்றாய். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சொல்லப்போனால், அங்கே சொன்ன விளக்கங்களில் அதுதான் கொஞ்சமாவது பொருந்துவது போல இருந்தது. அம்மா சொன்னது வேறு. புறப்படும்போது எதிர் வீட்டுக்காரி நின்று வேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், கண்பட்டுவிட்டதாம். மாமா சொன்னது ஒரே பிடிவாதம். "ஷொக் இருந்தா அந்த சுவிட்ச் விழும். சுவிட்ச் விழல. அப்ப ஷொக் இல்ல."

அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நீங்களே ஆராய்ச்சி பண்ணுங்க" என்று அம்மா சின்னவளையும் துவாயையும் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு இறங்கிவிட்டாள். "புள்ளையக் குளிப்பாட்டிட்டு வாறேன். அதுக்குள்ள சோத்தப் பாருங்க." நீயும் பின்னால் ஓடினாய்.

நீங்கள் போன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அம்மா பொய் சொல்கிறவள் அல்ல. வளர்ந்த ஒரு ஆளின் கையை இழுத்தால், சின்னவளை என்ன செய்யும்? அவள் திரும்பி வரும்போது தலையிலிருந்து கால் வரை நனைந்திருப்பாள். செருப்பு இருக்காது. வேன் கதவைத் தொடாமல் அவள் ஏற முடியாது. கதவு உயரம், இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏறுவாள்.

"டெஸ்டர் இருக்கா, மாப்புள?"

மாமா கருவிப் பெட்டியிலிருந்து டெஸ்டரைத் தந்தார். பேனா மாதிரி இருக்குமே, நுனியை வைத்து, பின்பக்கம் விரலை வைத்தால் கரண்ட் உள்ள இடத்தில் உள்ளே சின்னதாக எரியும், அது. நான் புல்லில் நின்றபடி வேன் தகரத்தில், பெயின்ட் உரிந்த ஓர் இடத்தில் வைத்தேன். எரிந்தது. மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில். ஆனால் எரிந்தது.

"எரியுது!"

"எங்க? குடுங்க." மாமா வேனுக்குள்ளே, வெறுங்காலைத் தகரத் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தார். டெஸ்டரை வாங்கி அதே இடத்தில் வைத்தார். எரியவில்லை. "எங்க மச்சான் எரியுது?"

நான் வாங்கி வைத்தேன். எரிந்தது.

அவர் வாங்கி வைத்தார். எரியவில்லை.

"ஒங்க கையில என்னமோ இருக்கு மச்சான்."

"எங் கையில என்னாடா இருக்கும்?"

"டெஸ்டர் கெட்டுப்போச்சு. பழசு."

"கெட்டுப்போனா ரெண்டு பேருக்கும் கெடணுமே?"

 ஒரே டெஸ்டர், ஒரே இடம். வெளியே நிற்கிறவனுக்கு எரிகிறது, உள்ளே இருக்கிறவனுக்கு எரியவில்லை. இறங்கி வந்து பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கரைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சின்னவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால், பெரியவனே, நீ துரத்திக்கொண்டு வந்தாய். யார் முதலில் வேனைத் தொடுவது என்று போட்டி.

"நில்லு! தொடாத! பாப்பா, தொடாத!" என்று கத்தினேன்.

நான் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு விளையாடுகிறேன் என்று அவள் நினைத்தாள். இன்னும் வேகமாக வந்தாள்.

தூண் தூரத்தில் இருந்தது. அங்கே ஓட நேரம் இல்லை. பாய்ந்து அவளைப் பிடிக்கவும் முடியாது, அவள் வேனுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்துவிட்டாள். வேனின் பின்பக்கத்தில், வெளி வயர் வந்து சேரும் இடத்தில் மாட்டியிருந்த ப்ளக் என் காலடியில்தான் தொங்கியது. என்ன செய்கிறேன் என்று நினைத்துச் செய்யவில்லை. குனிந்து, வயரைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தேன். அது பிடுங்கிக்கொண்டு வர, நான் புல்லில் மல்லாந்து விழுந்தேன்.

அதே நேரத்தில் "டொப்" என்று சத்தம். அவளுடைய நனைந்த இரண்டு உள்ளங்கையும் வேன் கதவில் விழுந்த சத்தம்.

"நான்தான் மொதல்ல!" என்று கத்தினாள் சின்னவள்.

அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் விழுந்து கிடந்ததைப் பார்த்து மேலும் சிரித்தாள். நான் எழும்பாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழும்பிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். நனைந்த பிள்ளை என் சட்டையை எல்லாம் நனைத்தது. ஏன் அழுகிறாய் அப்பா என்று கேட்டாள். மழைத் தண்ணீர் என்றேன்.

அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவிடவில்லை உங்கள் மாமா.

"பாத்தீங்களா? ஒன்னும் ஆகல."

"நான் புடுங்கிட்டேன்ல!"

"நீங்க புடுங்காட்டியும் ஒன்னும் ஆகியிருக்காது மச்சான். சும்மா புள்ளைய பயங்காட்டி..."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது போலவே பட்டது. நான் பிடுங்கினேன், அவள் தொட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கியதால் நடக்கவில்லையா, இல்லை எப்படியும் நடந்திருக்காதா? இதை எப்படிச் சோதிப்பது? மறுபடி செருகிவிட்டு யாரைத் தொடச் சொல்வது? அம்மா சின்னவளை என் கையிலிருந்து வாங்கி, துவாயைச் சுற்றி, தூரமாக ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரைஸ் குக்கரில் அரிசி பாதி வெந்து நின்றது.

நானாவுக்கு போன் எடுத்தேன். நடந்ததைக் கேட்டதும் அவருடைய குரல் மாறிவிட்டது. "வயர தொடாதீங்கோ. ஒன்டயும் சொருகாதீங்கோ. மஃரிப் தொழுதிட்டு ஒடன வாறேன்."

ஆட்டோவில் வந்து இறங்கினார். முதலில் எங்கள் ப்ளக்கைக் கையில் எடுத்துத் திறந்து, டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார். டேப் சுற்றி மடித்திருந்த கம்பியை விரலால் வெளியே இழுத்தார்.

"யாரு இத கழட்டின?"

 மாமா தொண்டையைச் செருமினார். "அது இருந்தா சுவிட்ச் விழுதுங்க நானா. கழட்டினா விழல."

"விழத்தானே அந்த சுவிட்ச வச்சீக்கி! நான் அத போட்ட நாள்ல இருந்து வார ஆக்கள்ட ஏச்சு மட்டும்தான் வாங்குறேன். எங்கட வீட்டுல ஃப்ரிஜ் நின்டு போச்சு, எங்கட ஃபேன் நின்டு போச்சு..." பக்கத்து வேன்காரர் இதைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தன் வேனுக்குள் போய்விட்டார்.

நானா வேனை வெளியே சுற்றிப் பார்த்தார். உள்ளே பார்ப்பதற்கு முன் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். மாமா வயர் ஓட்டிய வழியை விரலால் காட்டச் சொன்னார். மாமாவின் விரல் கதவிலிருந்து மேலே போய், ஜன்னல் ஓரமாக ஃபேனை நோக்கிப் போகும்போது, முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு கணம் மறைந்து மறுபக்கம் வந்தது.

மாமாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தப் படம் எப்ப மாட்டின?" என்று நானா கேட்டார்.

"காலையில."

"வீட்டுல டெஸ்ட் பண்ணின பொறகா?"

"ஓ... ஆமாங்க."

நானா படத்தில் கை வைக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நீங்களே வந்து ஒங்கட சாமிய எறக்குங்கோ. அது ஒங்கட கையால செய்யிறதுதான் சரி."

அம்மா வந்து படத்தை இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மாமா ஸ்க்ரூவைத் திருப்பிக் கழற்றினார். அதன் உடம்பில் ஓர் இடம் கறுத்திருந்தது. பலகையைப் பிரித்தபோது வயரின் தோல் கிழிந்து, உள்ளே செம்பு மின்னியது. ஈரப் பலகை வாடையோடு லேசாகக் கருகல் வாடையும் வந்தது. ஸ்க்ரூ வயரை உரசிக்கொண்டு போய் வேன் தகரத்தைக் கடித்திருக்கிறது. மழைத் தண்ணீர் வந்து மிச்சத்தைச் செய்திருக்கிறது. வேன் முழுவதும், கதவு, கைப்பிடி, பம்பர் எல்லாமே கரண்ட் கம்பியாகிவிட்டிருக்கிறது. கீழே டயர் ரப்பர் என்பதால் அது இறங்கிப் போகவும் வழியில்லை.

"சாமி படம் ஷொக் அடிக்காது" என்றாள் அம்மா. 

"சாமி படம் அடிக்கல்ல தங்கச்சி. ஸ்க்ரூ அடிச்சீக்கி."

"அப்ப ஏன் அந்த சுவிட்ச் விழல?" என்று நான் கேட்டேன். அதுதான் எனக்கு அடங்காத கேள்வி.

நானா கொஞ்சம் யோசித்தார். "பாருங்கோ, கரண்ட் வெளிய ஒழுகுதுன்டு அந்த சுவிட்சுக்கு வெளங்கணும். வேன் தகரத்தோட சேந்த இந்தப் பச்சக் கம்பி இருந்தா, கம்பிட வழியா ஒழுகி, ஒடன வெளங்கிரும், விழுந்திரும். அத்தன தரம் விழுந்து ஒங்களுக்கு அததான் சொன்ன. கம்பிய கழட்டினா ஒரு ஆள்ட வழியாத்தான் அதுக்கு வெளங்கணும்."

"ஆள்னா?"

"வெறுங்கால்ல நிக்கிற ஆள். கொஞ்சமா ஒழுகினா வெளங்காது, கை சுருக்குன்டு மட்டும் இழுக்கும். நல்லா நனஞ்ச ஆள்ன்டா வெளங்கும். வெளங்கி சுவிட்ச் விழும்தான். விழக்குள்ள அந்த ஆள் எப்பிடி இருப்பாங்கன்டு நான் சொல்லேலா."

யாரும் சின்னவளைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் அவளைத்தான் நினைத்தோம். அவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, படத்தில் இருந்த மயிலின் தோகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏன் எரிந்தது, மாமாவுக்கு ஏன் எரியவில்லை என்றும் கேட்டேன். வேனுக்குள் இருக்கிறவன் கரண்ட் கம்பியில் குந்தின காகம் மாதிரி, அவனும் கம்பியும் ஒன்று, அவனுக்குத் தெரியாது, ஒரு காலைத் தரையில் வைக்கிறபோதுதான் தெரியும் என்றார். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் என் கை தப்பியது என்றார். அப்படியானால் செருப்போடு நின்ற எனக்கு டெஸ்டர் மட்டும் எப்படி எரிந்தது என்று கேட்டேன். நானா தாடியைத் தடவினார். "அது எனக்கும் சரியாத் தெரியா. டெஸ்டர் எரிய கொஞ்சம் கரண்டே போதும் போல." இன்று வரை எனக்கு அது விளங்கவில்லை. காகம் விஷயமும் பாதிதான் விளங்கியது.

நானா அந்தக் கிழிந்த வயரை வெட்டி எறிந்தார். பச்சைக் கம்பியை மறுபடி மேல் முள்ளில் மாட்டி இறுக்கினார். ஆனால் வேனை அன்றைக்குத் தூணில் செருக அவர் விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய வீட்டிலிருந்து ஒரு பெரிய சட்டி சோறும் மாட்டிறைச்சி இல்லாத கறியும் வந்தது. "ஒங்களுக்கு என்டு தனியா ஆக்கச் சொன்ன" என்றார். ஃபேன் இல்லாமல், கதவைத் திறந்து வைத்து, எல்லாரும் செருப்போடு படுத்துத் தூங்கினோம். ஆமாம், செருப்போடு. அன்றைக்கு அம்மாவே போட்டுவிட்டாள்.

மாமா பிறகு புது வயர் வாங்கி, குழாய்க்குள் விட்டு, அது போகும் வழியைப் பலகையில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டார். நீங்கள் அதை அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "அன்னைக்கு ஒன்னும் ஆகியிருக்காது" என்று இப்போதும் சொல்வார். சொல்லிவிட்டுக் கோட்டை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

பெரியவனே, நீ போகிற இடத்தில் தூணில் செருகும்போது சுவிட்ச் விழுந்தால், விழட்டும். உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள், பக்கத்து வேன்காரர் சண்டைக்கு வருவார், சோறு வேகாது. அப்போது யாராவது ஒரு கெட்டிக்காரன் அந்தக் கம்பியைக் கழற்றலாம் என்று நிச்சயம் சொல்வான். அவன் சொல்வது சரியென்றும் உனக்குப் படும். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் விளங்கவில்லை. வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு எனக்கு போன் எடு. பேனா மூடி வேனுக்குள் இருக்கக்கூடாது, நான் பார்த்து எடுத்துவிட்டேன்.

படத்தைப் பற்றி. கண்டிக்குத் திரும்பிய அன்று உங்கள் அம்மா ஒரு கயிற்றை எடுத்து, ஜன்னல் திரைக் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். ஸ்க்ரூ வேண்டாம், பசை வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து அது வளைவுக்கு வளைவு கண்ணாடியில் தட்டுகிறது. உங்களுக்கு அது தொல்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னவளின் இரண்டு ஈரக் கையும் கதவில் விழுந்த சத்தம்தான் கேட்கிறது. அதற்குப் பின்னால் அவள், "நான்தான் மொதல்ல!" என்று கத்துவதும் கேட்கிறது. அது கேட்கிற வரைக்கும் தட்டட்டும்.